மழையிலும் பிடிக்கிற பிரேக்

நாலாஞ்சிறை இறக்கத்தில் அண்ணன் போன பிறகு, அதே இறக்கத்தில் நான் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று ஆயிற்று.

எங்கள் வீட்டுப் பிழைப்பு இடியாப்பம். கேசவதாசபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை வீடு. அம்மா விடியும் முன்னே எழுந்து மாவு கிண்டுவாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றதிலிருந்து அச்சில் பிழிந்து அடுக்குவது என் வேலை. அதைப் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் கட்டி சைக்கிளில் வைத்து, மேலே உள்ள ஹாஸ்டல்களில் கொண்டுபோய்க் கொடுப்பது அண்ணன். ஏறும்போது தள்ளிக்கொண்டு போவான். இறங்கும்போது காலிப் பாத்திரம் கடகடவென்று அடிக்க, உட்கார்ந்து வருவான். அப்படி இறங்கி வந்த ஒரு காலையில் நல்ல மழை. பிரேக் பிடித்தும் சைக்கிள் நிற்கவில்லை. கீழே வளைவில் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தக் காலையைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வராது.

அதன் பிறகு கொஞ்ச நாள் இடியாப்பம் ஆட்டோவில் போனது. ஆட்டோவுக்குக் கொடுத்ததுபோக மாவு வாங்கக்கூட மிஞ்சவில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, ஆரியசாலையில் மொத்தக் கடை ஒன்றில் மூட்டை இறக்குகிறவர். காலையில் அவருக்கு லாரி வந்துவிடும். அவரால் தினமும் வர முடியாது. மிச்சம் இருந்தது நான்தான். சைக்கிள் ஓட்டத் தெரியும். ஆனால் ஏற்றத்தில் அந்தப் பாத்திரத்தைத் தள்ளிக்கொண்டு போக எனக்குப் பலம் பத்தாது. கியர் வைத்த மலை சைக்கிள் வாங்கினால் மிதித்தே ஏறலாம் என்று மாமாதான் சொன்னார். பணத்தையும் அவரே கடை முதலாளியிடம் முன்பணமாகக் கேட்டு வாங்கினார்.

அம்மா ஒரே ஒரு பேச்சுதான் சொன்னாள்.

"மழையில நிக்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

அதைச் சொல்லித்தான் எங்களைக் கடைக்கு அனுப்பினாள். கடைக்குள் நுழைந்ததும் புது டயர் வாசனை. மேலே கொக்கியில் வரிசையாகச் சைக்கிள்கள் தொங்கின. எல்லாச் சக்கரமும் என் தலைக்கு மேலே. அண்ணனுடைய சைக்கிளைப் போலீஸ் ஸ்டேஷனில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்த பிறகு, எந்தச் சைக்கிளைப் பார்த்தாலும் முதலில் என் கண் முன் சக்கரத்துக்குத்தான் போகும். வளைந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

சட்டையை உள்ளே விட்ட, கடையில் விற்கிற ஒரு மலையாளிச் சேட்டன் வந்தார். என்னைப் பார்த்ததும் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அது வேண்டாம், கியர் வைத்தது காட்டுங்கள் என்றேன். அப்போது அவர் மாமாவிடம் பேச ஆரம்பித்தார். முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த ஒன்றை இழுத்துப் போட்டு, சீட்டை அழுத்தி அழுத்தி ஆட்டிக் காட்டினார். நிறைய கியர் உண்டு, மூன்று நிறம் உண்டு, பிள்ளைகள் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். மழையில் நிற்குமா என்று கேட்டேன். பவர் பிரேக் ஆக்கும், தாராளமாக நிற்கும் என்று சொல்லிவிட்டு மறுபடி நிறத்துக்குப் போய்விட்டார்.

வாசலில் ஒரு மெக்கானிக் தரையில் உட்கார்ந்து கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். வயதானவர், மூக்கு நுனியில் கண்ணாடி. தலையைத் தூக்காமலே அவர் பேச்சில் கலந்துகொண்டார். ஸ்பிரிங் வேண்டாம், ஏற்றத்தில் மிதிக்கிற பாதியை அது தின்றுவிடும் என்றார். அந்தச் சைக்கிளில் ரிம் இரும்பு, பளபளப்பு பூசியது, மழை பட்டால் ரப்பர் கட்டை அதில் வழுக்கிக்கொண்டே போகும். வாங்குவதானால் அலாய் ரிம் உள்ளது வாங்கு என்று மூலையில் நின்ற சாம்பல் நிறச் சைக்கிளைக் காட்டினார். அதிலும் பவர் பிரேக்தான். ரெண்டு பக்கமும் நீளக் கை வந்து ரிம்மைக் கவ்வுகிற மாதிரி.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று நின்றது. அதன் சக்கர நடுவில் சின்னத் தோசைக்கல் மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு இரும்பு வட்டம். அதை ஒரு கட்டி இரும்பு கவ்விக்கொண்டிருந்தது. டிஸ்க் பிரேக்.

மாமாவுக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "இது மோட்டார் பைக்குல உள்ளதாக்கும் பிள்ளே. இதுல போனா பஸ்காரன் ஒனக்கு வழி விடுவான்."

பஸ்காரன் என்று சொன்னபிறகு அவரே வாயை மூடிக்கொண்டார்.

மெக்கானிக்குக் குறைந்த விலைச் சைக்கிளில் டிஸ்க் வைப்பது பிடிக்கவில்லை. அது பாதியும் காட்சிக்குத்தான், வட்டம் லேசாக வளைந்தால் உரசிக்கொண்டே இருக்கும், தேய்ந்தால் உள்ளே மாற்றுகிற சாமான் சுலபத்தில் கிடைக்காது என்றார். அலாய் ரிம்மும் பவர் பிரேக்கும் உனக்குப் போதும் என்றார். மழையில் எப்படி என்று திரும்பவும் கேட்டேன்.

"முதல்ல ரெண்டு சுத்து ரிம்மில உள்ள வெள்ளத்தெத் தொடைக்கும் மோளே. பின்னே பிடிச்சோளும்."

அந்த ரெண்டு சுற்று எனக்குள் போய் மாட்டிக்கொண்டது. நாலாஞ்சிறை இறக்கத்தில் ரெண்டு சுற்று என்றால் எவ்வளவு தூரம்? அண்ணனுக்கு அந்த ரெண்டு சுற்று கிடைத்திருந்தால் போதுமா? நான் அங்கேயே நின்று மனசுக்குள் சக்கரத்தை உருட்டிப் பார்த்தேன். பஸ் வந்துகொண்டே இருந்தது.

அவரிடம் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொன்னேன். சேட்டன் சிரித்தார். மாமாவுக்கும் வெட்கமாக இருந்தது. மெக்கானிக் எழுந்து போய் டயர் முக்குகிற தொட்டியிலிருந்து மக்கில் தண்ணீர் எடுத்துவந்தார். முதலில் சாம்பல் நிறச் சைக்கிள். முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம்மில் ஊற்றினார். நான் பிரேக்கை அழுத்தினேன். சக்கரம் சளசளவென்று கொஞ்சம் போய்த்தான் நின்றது. அவர் சொன்ன மாதிரியேதான். அடுத்தது டிஸ்க். அதிலும் ஊற்றினார். அழுத்தினேன். நின்றுவிட்டது. இன்னொரு தரம் ஊற்றச் சொன்னேன். அப்போதும் நின்றது. திரும்பத் திரும்ப ஊற்றச் சொன்னதில் தரையெல்லாம் குளமாகி சேட்டன் முகம் கடுத்துவிட்டது.

"இது போதும்" என்றேன்.

எதற்கு இத்தனை கேட்கிறாய் என்று மெக்கானிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கியர் மாற்றுவதில் முறுக்குகிற பிடியும் உண்டு, பெருவிரலால் தள்ளுகிற நெம்பும் உண்டு. என் கையில் எப்போதும் மாவோ ஆவி ஈரமோ இருக்கும், முறுக்கினால் வழுக்கும் என்று நெம்பு கேட்டேன். டயரில் பெரிய பெரிய பல் வேண்டாம், தார் ரோட்டில் இரையும் என்று சின்னப் பல் உள்ளதை அவரே மாற்றினார். மலை சைக்கிளுக்குக் கேரியர் கிடையாது. சாதா சைக்கிள் கேரியரைக் கொண்டுவந்து வைத்தால் அதன் கால் பின் டிஸ்க் கவ்வுகிற இடத்தில் இடித்தது. கம்பியைச் சூடாக்கி வளைத்து, இடிக்காமல் வெளியே தள்ளிப் பூட்டினார்.

மலை ஏறுகிற சைக்கிளில் இடியாப்பம் ஏற்றுகிற முதல் ஆள் நீதான் என்று மாமா சொன்னார். அண்ணன் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். சிரித்த உடனே பயமாகவும் இருந்தது.

வீட்டில் அம்மா சைக்கிளைச் சுற்றி வந்தாள். எது நிறுத்துகிறது என்று கேட்டாள். வட்டத்தைக் காட்டினேன். குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் குளிக்கப் போய் வந்த பிறகும் அம்மா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பிள்ளையார் கோயில் முன்னால் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து உருட்டினோம். கைப்பிடியில் சந்தனம், குங்குமம், ஒரு துண்டு பூ. அம்மா குனிந்து ரெண்டு டிஸ்க்கிலும் பொட்டு வைத்தாள். அது தெய்வம் இருக்கிற இடம் என்கிற மாதிரி வைத்தாள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

பெரிய இறக்கத்துக்கு நேரே போக வேண்டாம், சின்னதில் பழகு என்று மாமா சொன்னார். எங்கள் சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு சரிவு உண்டு. கீழே ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா கீழே நின்றார். நான் மேலேயிருந்து விட்டேன். கொஞ்சம் வேகம் பிடித்ததும் அழுத்தினேன். முதலில் முன் பிரேக், பிறகு ரெண்டும். பிரேக் நெம்பு கைப்பிடிவரைக்கும் வந்துவிட்டது. ஆடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது. மழை இல்லை. ரோடு காய்ந்துதான் கிடந்தது. நான் இன்னும் அழுத்தினேன். இன்னும் போனது. அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. கால் ரெண்டையும் தரையில் உரசி, கைப்பிடியைத் திருப்பி, வீட்டுக்காரர் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் போய் விழுந்தேன்.

மாமா ஓடிவந்து கடைக்காரனைத் திட்டினார். முட்டியில் தோல் போயிருந்தது, வலிக்கவில்லை. எனக்குள் ஒன்றுதான் ஓடியது: எந்தச் சைக்கிள் வாங்கினாலும் எங்களுக்கு நிற்காது. மணலில் உட்கார்ந்தபடியே பின் சக்கரத்தைப் பார்த்தேன். டிஸ்க்கில் குங்குமம் வட்டமாக இழுபட்டிருந்தது. முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனேன். சூடாக இருந்தது. வாசனை வந்தது. எங்கள் அடுக்களை வாசனை. தேங்காயெண்ணெய்.

அம்மா எந்த இரும்பையும் வெறுமனே வைக்க மாட்டாள். இடியாப்ப அச்சு, அரிவாள்மணை, தோசைக்கல், கதவுக் கொண்டி, எல்லாவற்றையும் கழுவித் துடைத்து எண்ணெய்த் துணியால் ஒரு தரம் தேய்த்துத்தான் வைப்பாள். கடல்காற்று துருவைக் கொண்டுவரும் என்பாள். முந்தின நாள் நான் குளிக்கப் போனபோது அவள் அந்த ரெண்டு வட்டத்தையும் துடைத்திருக்கிறாள். என்னைக் காப்பாற்றுகிற இரும்பு ஆயிற்றே.

மாமாவும் குனிந்து முகர்ந்தார். பிறகு மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்காட்ட சொல்லாத மக்களே."

நான் கையிலிருந்த மணலைத் தட்டினேன்.

"சொன்னா அவ இதோட நிக்க மாட்டா. அவனுக்க சைக்கிளுக்குப் போவா."

எனக்கும் அதுதான் முதலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் சைக்கிளைக் கழுவி நிறுத்துவான். அம்மா துணியோடு வருவாள். மட்கார்டு, கைப்பிடி, கம்பி எல்லாம் துடைப்பாள். அந்தச் சைக்கிளில் டிஸ்க் எல்லாம் கிடையாது. கம்பி பிரேக். ரப்பர் கட்டை வந்து ரிம்மில்தான் பிடிக்க வேண்டும். அம்மா ரிம்மைத் துடைத்தாளா? நான் கண்ணை மூடி மூடிப் பார்த்தேன். துணி தெரிந்தது, அம்மாவின் கை தெரிந்தது. கை எங்கே நின்றது என்று தெரியவில்லை.

சைக்கிளை ஆட்டோவில் ஏற்றி மறுபடி கடைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் விரலால் தொட்டு முகர்ந்துவிட்டு, "இதுல தோச சுட்டியா மோளே?" என்று கேட்டார். மாமாவைப் பார்த்து, "அண்ணாச்சி, சட்னியும் கொண்டு வந்திருக்கலாம்" என்றார். மாமா சின்னப் பிள்ளைகள் விளையாட்டுக்குச் செய்துவிட்டதாகச் சொன்னார். அவர் வட்டத்தைச் சோப்புப்பொடி போட்டுக் கழுவினார். உள்ளே உள்ள கட்டைகளைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்தார். எண்ணெயைக் குடித்துவிட்டது, இனி இது ஆகாது என்று பழைய பெட்டியெல்லாம் தேடி வேறு கட்டை எடுத்துப் போட்டார். இந்த வட்டத்தில் கைகூட வைக்கக் கூடாது, கையில் உள்ள பிசுக்கே போதும் கெடுக்க என்றார். சரிசெய்து தெருவில் ஓட்டிக் காட்டினார், நானும் ஓட்டினேன். நின்றது. நின்றும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

திரும்பி வரும்போது மாமா ஒரு வழி சொன்னார். புதுச் சைக்கிளில் யாரும் கை வைக்கக் கூடாது என்று கம்பெனிக்காரன் சொன்னதாகச் சொல்லிவிடலாம். எனக்கும் அது நல்லதாகப் பட்டது. பாதி வழியில் நினைத்துப் பார்த்தேன். அம்மா எந்தக் கம்பெனிக்காரன் பேச்சைக் கேட்டிருக்கிறாள்? மழை வந்தால், துரு பிடிக்குமே என்று எனக்குத் தெரியாமல் துடைத்துவிடுவாள். நான் காலையில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு மேலே போய்விடுவேன். இறங்கும்போதுதான் தெரியும்.

அம்மா நான் நொண்டுவதை முதலில் பார்த்தாள். மாமா கம்பெனிக்காரனை ஆரம்பித்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"பிரேக்கு பிடிக்கலியா?" என்று என்னைக் கேட்டாள்.

"பிடிக்கல. வட்டத்துல எண்ண இருந்துதும்மா. எண்ண பட்டா பிடிக்காதாம்."

அவள் கையில் மாவு இருந்தது. அப்படியே வந்து சைக்கிள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். எங்கே எண்ணெய் படலாம், எங்கே படக் கூடாது, காட்டு என்றாள். சங்கிலியில் படலாம் என்று காட்டினேன். டிஸ்க்கிலும் அதைக் கவ்வுகிற இடத்திலும் படக் கூடாது என்றேன். இதுவா, இதுவா என்று விரலைத் தள்ளியே வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அடுத்தது என்ன கேட்பாள் என்று தெரியும்.

"அவனுக்க சைக்கிள்ல எது பிடிக்கும்?"

மாமா, "அக்கா, அது மழையாக்கும்" என்றார்.

"நான் பிள்ளைட்ட கேக்குதேன்."

"ரிம்முல" என்றேன்.

அம்மா முன் சக்கரத்தின் ரிம்மைப் பார்த்தாள். "அதையும் தொடைச்சிருக்கேன்" என்றாள். "எல்லா ஞாயிறும் இல்ல. தொடைச்சிருக்கேன்."

அதற்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். பொய் சொன்னால் அவளுக்குத் தெரியும். ஸ்டேஷன் சுவரோரம் அந்தச் சைக்கிளைப் பார்த்தபோது பிரேக் கட்டை தேய்ந்து உள்ளே இரும்பு தெரிந்தது. அதை மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தான். அதைச் சொன்னேன். கட்டை தேய்ந்திருந்தது, மழை, பஸ் திரும்பியது, எல்லாம் சேர்ந்து வந்தது என்றேன்.

"எண்ணையும்?"

"தெரியாதும்மா. இருந்திருக்கலாம்."

மாமா என்னை அடிக்க வருகிற மாதிரி பார்த்தார். அம்மா அழவில்லை. எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். முழங்கைவரைக்கும் கழுவினாள். துடைத்துவிட்டு மறுபடி கழுவினாள். அன்றைக்கு முழுவதும், நாளைக்கு என்னைப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவேண்டும் என்றும் ஆசையாக இருந்தது. சொன்னால் என்ன சாப்பிடுவது என்றும் பயமாக இருந்தது.

காலையில் பாத்திரத்தைக் கட்டிவிட்டுத் திரும்பினால் அம்மா செருப்புப் போட்டுக்கொண்டு குடையோடு நிற்கிறாள். அண்ணன் போனபிறகு அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை. சின்னக் கியரில் நான் மெல்ல மிதித்தேன். அம்மா பக்கத்திலேயே நடந்தாள். ஹாஸ்டலில் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அம்மாவை ஆட்டோவில் போகச் சொன்னேன்.

"நீ எறங்கு. நான் பாக்கணும்."

மேலேயிருந்து பார்த்தால் அந்த ரோடு கீழே போய் வளைந்து மறைவது தெரியும். முதல் கரண்டு கம்பம்வரைக்கும் விட்டேன். அழுத்தினேன். நின்றது. திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினேன். அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். அவள் வரும்வரை நின்றேன். அடுத்த கம்பத்துக்கு விட்டேன். நின்றேன். பின்னால் வந்த ஓர் ஆட்டோக்காரர், சைக்கிளை நீ ஓட்டுகிறாயா, உன்னை அது நடத்திக்கொண்டு போகிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த இறக்கம் முழுவதும் கம்பம் கம்பமாகத்தான் இறங்கினேன். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும், இந்தத் தடவை வழுக்கும் என்றே நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் நின்றது. ஆனாலும் அடுத்த கம்பத்துக்கு அது உதவவில்லை. பயம் முதலிலிருந்துதான் ஆரம்பித்தது.

வளைவுக்கு முன்னால் கடைசிக் கம்பத்தில் நின்றபோது பிரேக் நெம்பிலிருந்து விரல் பிரியவில்லை. பஸ் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு திரும்பிப் போனது. அம்மா வந்து சேர்ந்தாள். அந்த இடத்தை அவள் பார்க்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்தாள். குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின்னால் கேரியரை ரெண்டு கையாலும் பிடித்தாள்.

"பிரேக் பிடிக்குதும்மா" என்றேன்.

"பிடிக்கட்டு" என்றாள். கையை எடுக்கவில்லை. நான் பிரேக்கை விட்டேன். வளைவைத் தாண்டி வீட்டுச் சந்து வரும்வரை அப்படியே அவள் பிடித்துக்கொண்டு வர, நான் உட்கார்ந்தபடியே உருண்டு வந்தேன்.